நாற்பத்து நான்காவது தாள்

பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். கோத்தா திங்கியில் நில அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது, தனக்குக் கிடைத்த நிலத்தில் பேய் நடமாடுகிறது, வேறு நிலம் மாற்றிக் கொடுங்கள் என்று ஒருவர் எழுதிய மனுவுக்கே எண் போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தவன். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும். பாருங்கள். என்னை நானே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ஸ்கூடாய்க்கு வந்தேன். எதிர்வீட்டு மாலினியின் அம்மா நவீன நடனத்தில் பெயர் எடுத்தவர். பெக்கான் நானாஸ் பக்கம் பிறந்து, பரதம் கற்று, பிறகு அதை விட்டுவிட்டு, அன்னாசித் தோட்டத்துப் பெண்கள் குனிவதையும் கை வீசுவதையும் நடனமாக்கி, ஏகப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். நான் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார், படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவருடைய தாள்களை ஓர் ஆவணக் காப்பகம் கேட்டிருந்தது, பட்டியல் போட ஆள் வேண்டும் என்றாள் மாலினி. வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான் உடனே சரி என்றேன்.

பதினொரு பெட்டி. டீச்சர் வெற்றுத்தாளே வாங்க மாட்டார் போல. பள்ளிச் சுற்றறிக்கை, கோயில் அழைப்பிதழ், பழைய தேர்வுத்தாள் என்று எது கைக்குக் கிடைத்ததோ அதன் பின்பக்கத்தில் பாதங்களாக வரைந்து வைத்திருந்தார். இடது பாதம் வெறும் கோடு, வலது பாதம் நிரப்பியது, எல்லாம் பச்சை மை. ஆடுகிறவர் தரையில் எப்படிப் போக வேண்டும் என்பதற்கான வழி அது. அந்தப் பச்சைப் பேனாகூட மூன்றாவது பெட்டியில் இருந்தது. 'பேனா ஒன்று, மை வறண்டது' என்று பட்டியலில் எழுதினேன், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது பெட்டியில் சேலைத் துணியால் கட்டிய ஒரு கட்டு, நாற்பத்து மூன்று தாள். ஓரத்தில் தேதிகள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. கோப்பு என்றால் தேதி வரிசை, என் கை தானாக அடுக்கிவிட்டது. கிடைத்தபடியே இருக்கட்டும், எதையும் மாற்றாதீர்கள் என்று காப்பகத்துப் பெண் சொல்லியிருந்தாள்தான். சோம்பேறிகள் போட்ட சட்டம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மாலினி வந்து பார்த்தாள்.

"அங்கிள், இந்தக் கட்ட அவுத்தீங்களா?"

"ஆமாம்மா. தாறுமாறா கெடந்துச்சு, தேதிப்படி அடுக்கிட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அலமாக். தேதி வந்து அம்மா எழுதின நாளு அங்கிள். இன்னிக்கி நடுவுல எழுதுவாங்க, நாளைக்கி ஆரம்பத்த எழுதுவாங்க. அவங்க கட்டி வச்ச வரிசைதான் டான்ஸு. வேற எங்கயும் இல்ல. ஒங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு லா."

டீச்சர் மேடையேற்றாமல் விட்டுப்போன கடைசி நடனம் அது. நினைவு நாளுக்கு மூன்று வாரம்தான் இருந்தது, பழைய மாணவிகள் எட்டுப் பேர் சிங்கப்பூரில் வேலை முடித்துப் பாலம் தாண்டி வந்து அன்று மாலை பயிற்சி தொடங்க இருந்தார்கள். அவள் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் வேலைக்குப் போனதும் அவர்கள் வீட்டில் டீச்சர் வகுப்பெடுத்த கூடத்தில், அந்தப் பலகைத் தரையில், தாள்களைப் பரப்பினேன். மதியம் இரண்டு மணி, நல்ல மழை. ஒரு தாளில் வழி முடிகிற இடத்திலிருந்து அடுத்த தாள் தொடங்க வேண்டும், இல்லையா, அப்படிப் பொருத்திப் பார்த்தேன். பாதித் தாள்கள் ஒரே மூலையில் தொடங்கின. மோட்டார் சைக்கிளில் விழுந்ததிலிருந்து என் வலது கால் வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கும், இழுத்துத்தான் நடப்பேன், குனிந்து குனிந்து முழங்கால் விண்ணென்று வலித்தது. பென்சிலோடு ஜன்னல் மூலையில் போய் நின்றேன்.

நம்பினால் நம்புங்கள், அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் கதவுப் பக்கம் நிற்கிறேன், மழை விட்டிருக்கிறது, மணி மூன்றே முக்கால். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, வியர்வை. கால் வலிக்கவில்லை. தூங்கவில்லை, நின்றுகொண்டு தூங்க நான் குதிரையா? தாள்கள் கூடத்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரே வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் எண் இருந்தது. என் கையெழுத்து.

மாலையில் மாலினி அந்த எண்படி நடந்து பார்த்தாள். பத்தாவது தாளிலேயே அவள் கண் கலங்கிவிட்டது, அதற்கு மேல் போகாமல் நின்றுவிட்டாள்.

"இதான் அங்கிள். அம்மா மூச்சு விடற எடங்கூட சரியா வருது. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"எப்படியோ வந்துச்சும்மா," என்றேன். வேறு என்ன சொல்வது?

பயிற்சிக்கு வந்த மாணவிகளை அழைக்க அவள் வெளியே போனபோது தாள்களை எடுத்து அடுக்கினேன். நாற்பத்து நான்கு இருந்தன. கடைசித் தாள் என்னுடையது, அன்று காலை நான் எழுதிய பட்டியல். திருப்பினால் பாதங்கள், பச்சை மையில். மை ஈரமாக என் விரலில் ஒட்டியது. நானே வரைந்திருப்பேன் என்பீர்கள். எனக்கு ஒரு நேர்கோடு போட வராது, வறண்ட பேனாவோ பெட்டிக்குள் உறையில் இருந்தது, அன்றைக்கே திறந்து பார்த்தேன்.

அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது, எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். மாலினி மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள், "அம்மா முடிவு வைக்காம எதையும் விட மாட்டாங்க அங்கிள். முடிவத்தான் கடைசியா எழுதுவாங்க. இது நாப்பத்தி மூணோட தொங்குது, ஏன்னு புரியல." நான் தலையாட்டினேன். அத்தனை வருட வேலையில் ஒரு தாளைக்கூட மறைத்ததில்லை. இதை மறைத்து வைத்திருக்கிறேன், என் அலமாரியில், சட்டைகளுக்கு அடியில். கொடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். கொடுத்தால் அவள் முதலில் பார்க்கப்போவது அந்தப் பாதங்களைத்தான்.

ஜன்னல் மூலையில் தொடங்கிக் கதவு வரை போகின்றன. வலது பாதம் ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது, பின்னால் இழுத்த கோடு. நிலைப்படிக்கு உள்பக்கம் இரண்டு பாதமும் சேர்ந்து நிற்கின்றன, அதற்கு மேல் இல்லை. இப்போதெல்லாம் அந்தக் கூடத்துக்குள் போனால், திரும்பி வரும்போது அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன், எந்தக் காலை எடுத்து வெளியே வைப்பது என்று தெரியாமல்.