மைக்கு நல்லாத்தான் இருந்துது

மூணாம் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனா ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துல மலையடிவாரம் பூரா அறிவிப்பு கேட்க வச்சது யாருன்னு திருத்தணியில எவனை வேணா கேளுங்க. முருகனுக்கு அடுத்து என் பேரைத்தான் சொல்வான். என் மைக்கு நின்னுபோச்சுன்னு யாரும் சொன்னது கிடையாது, ஒரே ஒரு நாளைத் தவிர. சவுண்ட் சர்வீஸ் தொழிலுக்கு வர்ற பசங்க அந்த நாளைத் தெரிஞ்சிக்கணும்.

ஒரு சின்ன நர்சரி ஸ்கூல் ஆண்டு விழா. சனிக்கிழமை மண்டபத்துல ஒத்திகை. நான் ஒயர் இழுத்துகினு இருக்கேன், மேடையிலேந்து ஒரு அலறல். ஆம்ப்ளிஃபையரே இன்னும் ஆன் பண்ணல, அதுக்குள்ள என் ஹாரனை விட சத்தமா எவன்டான்னு பார்த்தா, யூகேஜி படிக்கிற தணிகாசலம். என் இடுப்பு உயரம்கூட இல்ல.

"தினமும் மதியம் வரைக்கும் இப்படித்தான்," ன்னாங்க ஹெட் மிஸ். "மத்த பேரன்ட்ஸ் எல்லாம் கம்ப்ளைன்ட். நாளைக்கு இவனுக்கு நாலு வரி பாட்டு. அங்கேயும் கத்திக் கெடுத்தான்னா திங்கக்கிழமை டிசி. இவங்கம்மாவைக் கேட்டா, வீட்ல வாயே தொறக்கமாட்டான்றாங்க. பொய்க்கும் ஒரு அளவு வேணாமா?"

நான் பையனைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தேன். "காது மந்தம், மிஸ். தன் சத்தம் தனக்கே கேக்கல, அதான் கத்துறான்."

செக் பண்ணிக் காட்டறேன்னு பின்னாடி போய் நின்னு, ரொம்ப மெதுவா "சாக்லேட்"ன்னேன். பட்டுன்னு திரும்பிக் கையை நீட்டினான்.

"கொஞ்சம் மந்தம்தான்," ன்னேன். சொன்னதை மாத்தற பழக்கம் எனக்கில்ல.

மறுநாள் காலையில மண்டபம் ஃபுல்லு. ஆளாளுக்கு போனைத் தூக்கிப் பிடிச்சிகினு நிக்கறாங்க. தணிகாசலம் மேடைக்கு வந்தான். கத்துவானேன்னு கெயினை, அதான் மைக்கு சத்தத்தை ஏத்தி இறக்கற திருகை, பாதியாக் குறைச்சி வச்சேன். வாயைத் தொறந்தான். கை ஆடுது, உதடு ஆடுது, சத்தம் வரல. கெயினை ஏத்தினேன். ஃபுல்லா ஏத்தினேன். ஃபேன் சுத்தறது ஸ்பீக்கர் பாக்ஸ்ல கேக்குது, பையன் குரல் கேக்கல.

"மைக்கு புட்டுக்கிச்சி," ன்றான் கூட்டத்துல எவனோ. எனக்கு வேர்த்து ஊத்துது. மேடையேறி கேபிளை மாத்தினேன், மைக்கையே மாத்தினேன். நான் டெஸ்டிங்ன்னா மலைமேல கேக்குது. அவன்கிட்ட நீட்டினா ஒண்ணும் இல்ல.

குனிஞ்சி, "கத்துடா ராசா, நேத்து கத்தினியே," ன்னேன். அவன் உதட்டுல விரலை வச்சி, முன்வரிசையைக் காட்டினான்.

அங்கே அவன் அப்பா. ஆவடிப் பக்கம் ஒரு குடோன்ல ராத்திரி முழுக்க மூட்டை தூக்கிட்டு, முதல் ட்ரெயினைப் பிடிச்சி நேரா மண்டபத்துக்கு வந்தவரு. தலை சாஞ்சி, வாய் பொளந்து தூங்கறாரு.

பக்கத்துல அவன் அம்மா எழுந்து நின்னாங்க. "தப்பா நினைக்காதீங்க மிஸ். எங்களுக்கு ஒரே ரூமுங்க. இவுரு பகல்ல தூங்கலன்னா ராத்திரி மூட்டையோட விழுந்துடுவாரு. புள்ள வாயத் தொறந்தா நான் பொத்திடுவேன். நைனா தூங்கினா சத்தம் வரக்கூடாதுன்னு அப்படியே பழக்கிட்டேன்."

சொல்லிட்டு, புருஷன் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினாங்க.

அவரு அலறிப்புடைச்சி எழுந்து, "எந்த ஸ்டேஷன்?" ன்னாரு. மண்டபமே சிரிச்சிது.

"இறங்க வேணாம், உக்காரு," ன்னாங்க அந்தம்மா. "உன் புள்ள பாடணுமாம்."

"ஆங், நான் முழிச்சிகினுதான் இருக்கேன். நீ பாட்றா நைனா."

பாடினான். கெயின் ஃபுல்லுல இருக்குதுன்னு எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துது. மூணாவது வரியில ஒரு பாக்ஸுக்குள்ள இருக்கற பேப்பர் கோன் கிழிஞ்சிது. பயந்துபோய் எல்லாத்தையும் ஆஃப் பண்ணேன். நாலாவது வரி மைக்கு இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்டுது.

ஹெட் மிஸ் அப்புறம் டிசி பேச்சே எடுக்கல. இப்போ தினமும் பிரேயருக்கு முன்னாடி அவனைப் பத்து நிமிஷம் கிரவுண்டுல கத்த விடறாங்க, அப்புறம் கிளாஸ்ல ஒழுங்கா உக்காருறானாம். மத்த புள்ளைங்களும் சேர்ந்து கத்துது. ஸ்கூல் பக்கத்து டைலர், ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லி எனக்கு போன் பண்றாரு.

ஒரு புள்ள கத்துதுன்னா அடங்காததுன்னு பேர் வைக்காதீங்க பசங்களா. அது வீட்ல எத்தனை ரூமுன்னு முதல்ல கேளுங்க. நான் வளர்ந்த வீடும் ஒரே ரூமுதான், ஒன்பது பேரு. மூணாங்கிளாஸ் விட்டவன் வேற தொழில் எதுக்கும் போகாம மைக் செட்டுக்கு ஏன் வந்தேன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சிது.