தோற்ற அணியைப் பார்க்க வந்தவர்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்ட செய்தி எங்கள் வீட்டுக்குச் சாயங்காலமே வந்திருக்கிறது. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அம்மா சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்த பிறகு, நம் அணியின் கேப்டன் ஜோதி அக்கா போன் செய்ததாகச் சொன்னாள். சேலத்தில் வீட்டிலேயே மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். அடக்கத்துக்குப் போக வேண்டாம், இனி விளையாட்டும் வேண்டாம் என்று அப்பா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அக்காவை நம்பித்தான் அவர் என்னை வெளியூர்களுக்கு அனுப்பினார். அந்த அக்கா இப்போது இல்லை. எதிர்த்துப் பேச எனக்குப் பயம். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இதை எழுதுவது தெரிந்தால் என்ன ஆகும் என்றும் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் கூடைப்பந்து கோர்ட்டில் அக்காவின் படத்தை வைத்து எல்லோரும் பேசும்போது, எனக்காக ஜோதி அக்கா இதைப் படிக்கட்டும்.

அக்கா லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நம் கூடைப்பந்து அணிக்கு மேனேஜராக இருந்தார். பயிற்சி கொடுப்பது கோச் சார். யாரை எடுப்பது என்பது அக்காவின் பொறுப்பு. உயரமான பெண்களையும் நிறையக் கூடை போடுகிறவர்களையும் பெரிய கிளப்புகள் ஹாஸ்டலும் ஷூவும் கொடுத்து அழைத்துக்கொண்டு போய்விடும். நம்மிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் அக்கா தோற்ற அணிகளைப் பார்க்கப் போவார். மேட்ச் முடிந்ததும் கூட்டமெல்லாம் ஜெயித்தவர்களைச் சுற்றி நிற்கும். அக்கா மட்டும் அந்தப் பக்கம் ஷூ கழற்றிக்கொண்டிருக்கும் பெண்களிடம் போய் உட்காருவார். உங்களில் நன்றாக ஆடுவது யார் என்று கேட்கவே மாட்டார். கடைசி நேரத்தில் கால் ஓயும்போது யார் பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருக்கிறது என்று கேட்பார். நாலைந்து பேர் ஒருத்தியையே காட்டினால் அவளைப் பார்க்க மறுபடியும் வருவார்.

ஒருமுறை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரணிப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து போட்ட பந்து கூடைக்குள் விழுந்தது. எல்லோரும் எழுந்து கை தட்டினோம். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. பந்து பறிபோனதும் யார் முதலில் திரும்பி ஓடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். “பந்தைப் பாக்கறதுக்கு ஊரே இருக்கு சாமி” என்றார்.

என்னைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லி எத்தனை முறை சிரித்திருக்கிறோம். எங்கள் பள்ளியில் அப்போது போதுமான ஜெர்சி கிடையாது. பாதி ஆட்டத்தில் வெளியே வருகிறவள் கழற்றிக் கொடுக்க, உள்ளே போகிறவள் போட்டுக்கொள்வாள். அன்றைக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், அக்கா எங்களிடம் வந்து பேசாமல் ஒன்பதாம் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் எங்கள் ஊர் ராசிபுரத்துக்கு வந்து, ஒன்பதாம் எண் யார் என்று பள்ளியில் கேட்டு, என் தோழி பிரியாவின் வீட்டுக்குப் போய், அவளுடைய அம்மா கொடுத்த காபியையும் குடித்து, அவளைப் புகழத் தொடங்கிவிட்டார். பிரியா பாதியிலேயே நிறுத்தி, “அது நானில்லைங்க. மொத பாதியில அவ போட்டிருந்தா. நான் போட்டப்பறந்தான் தோத்தோம்” என்று சொல்லியிருக்கிறாள். பிறகு அவளே அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்கு வழி காட்டினாள்.

அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். “ஏனுங்க, எம்புள்ள குள்ளமுங்க. ஒரு கூடை கூடப் போட்டதில்லைன்னு அவளே சொல்றா. இவளைக் கூட்டிட்டுப் போயி என்னங்க பண்ணுவீங்க?”

“கூடை போட எங்ககிட்ட ஆள் இருக்குதுங்க. அவங்க கைக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேக்கத்தான் ஆள் இல்லை. இவ உள்ள இருந்த வரைக்கும் உங்க ஊர் பின்தங்கவே இல்லை. இவளை உக்கார வெச்சாங்க, போச்சு.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுவது தன் பொறுப்பு என்று அக்கா சொன்னார். கடைசிவரை அப்படியே செய்தார்.

அவர் கணக்கு எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வாழப்பாடியில் ஒரு பெண்ணை ஒரே ஒரு ஆட்டத்தில் பார்த்துவிட்டு, சோம்பேறி என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் வேறு கிளப்பில் சேர்ந்து நம்மைத் தோற்கடித்த அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, “அவ ஆட்டத்தைத்தான் பாத்தேன், அவளைப் பாக்கலை” என்று மட்டும் அக்கா சொன்னார். அதற்குப் பிறகு யாரையும் ஒரு ஆட்டத்தில் முடிவு செய்ததில்லை. அலைச்சல் இன்னும் கூடிப்போனது.

அந்த அலைச்சலை நாம் எல்லோரும் பார்த்தோம். பஸ்ஸில் செருப்பைக் கழற்றி, வீங்கிய காலை எதிர் சீட்டின் கம்பியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே வருவார். நம் கிளப் கமிட்டிக்காரர்கள் என் உயரத்தைப் பார்த்து, ஸ்டெல்லா அளக்கிற டேப்பைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று கேலி செய்தபோதும் அவர் சண்டை போடவில்லை. “ஒரு சீசன் இருக்கட்டுங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். சண்டை போடக்கூட அவருக்குத் தெம்பு மிச்சமில்லை என்று இப்போது தோன்றுகிறது. தம்மம்பட்டியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் இறந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயரை யாரிடமாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் அவளை விட்டுவிடாதீர்கள். யாரோ தன்னைத் தேடி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும், ஒரு தடவை போதாவிட்டால் மறுபடியும் போக வேண்டும். அவர் அப்படித்தான் என் வீட்டு வாசல் வரை வந்தார். என்னை மறுபடியும் விளையாட அனுப்பச் சொல்லி அப்பாவிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. யோசித்துப் பார்த்தால் நாளைக்கும் வராது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்ததும், ஜோதி அக்கா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் தறிச் சத்தத்தில் கேட்காது, நேராக உள்ளே வந்துவிடுங்கள். அப்பா முதலில் முகம் கொடுக்க மாட்டார். ஆனால் வந்தவர்களை உட்காரச் சொல்லாமல் இருக்க மாட்டார். உட்கார்ந்துவிடுங்கள். நான் தண்ணீர் கொண்டு வருகிறேன்.