மெருகு போட்ட காசு

எங்கள் நகைப் பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘கண்ணாடி’. அவர் மெருகு போட்ட வளையலைப் பார்த்தே தலை வாரிக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து அந்தப் பெயர். மங்கலாக எதைக் கண்டாலும் மனிதருக்குக் கை துறுதுறுக்கும். டீக்கடையில் கரண்டியைக்கூடச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத்தான் திருப்பி வைப்பார்.

அவருடைய அக்காவுக்குக் கணவர் இல்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரே வாடகை வீடு. வீட்டை விற்கப்போகிறேன், நீங்களே வாங்கினால் சந்தோஷம், இல்லாவிட்டால் காலி செய்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அக்காவிடம் இருந்தது ஒரு பழைய தங்கக் காசு மட்டும். அக்காவின் கணவர் அதைத் தன் அப்பா சுற்றிக்கொடுத்த எண்ணெய்த்தாளைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்த மாதிரிக் காசுகளை ஏலத்தில் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள், விலை எங்கேயோ போய்விட்டது என்று டிவியில் சொன்னதும் அக்கா தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். தங்கத்தோடு பழகினவன் நீதான், நீயே பார்த்துச் செய் என்று காசை அவர் கையில் கொடுத்தார்.

தாளைப் பிரித்தால் காசு சோகை பிடித்த மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் பழுப்பு. கோட்டு போட்டவர்கள் முன்னால் இதை எப்படி நீட்டுவது என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பட்டறைக்குக் கொண்டுவந்தார். சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு மெருகுச் சக்கரம். முடித்து நீட்டியபோது நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். காலம் பூராவும் தங்கத்திலேயே புரண்ட அத்தனை மண்டைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. கண்ணாடி அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

ஏல அலுவலகத்துக்கு அக்காவும் கூடப் போனார். காசு பார்க்கிற அம்மா கையுறை போட்டு, விளிம்பைப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இதை யாராவது தேய்ச்சீங்களா?”

தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “என் தம்பிதாங்க. அவன் கை பட்டா எதுவுமே புதுசாயிடும்.” சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்த அம்மா லென்ஸைக் கீழே வைத்தார். அச்சிட்ட நாளிலிருந்து ஒரு கையும் படாத மேற்பரப்புக்குத்தான் அந்த விலை, தேய்த்துவிட்டால் தரச் சான்றே கொடுக்கமாட்டார்கள், இனிமேல் எடைக்கு உண்டான தங்க விலைதான் என்று பொறுமையாகச் சொன்னார். தேய்க்காமல் கொண்டுவந்திருந்தால் என்று அக்கா கேட்டார். ஒரு வீடே வாங்கியிருக்கலாம் என்றார் அந்த அம்மா. கண்ணாடிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

பஸ்ஸில் அக்கா காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“பழையபடி மங்க வைக்க முடியாதாடா?”

அவர் தொழிலில் அதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத வேலை.

“முடியாதுக்கா.”

வாசலில் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். தம்பி கூனிக் குறுகி அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். அக்கா தடுமாறாமல் பதில் சொன்னார்.

“அது சாதாரணக் காசுதானாம். பாவம், என் தம்பிதான் எனக்காக நாயா அலைஞ்சான். நாங்க காலி பண்ணிடறோம்.”

சொல்லிவிட்டுத் திரும்பி, வெயிலில் வந்த தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.