நான் வெட்டிய நாலு செக்கன்

ஜெஸீமா ராத்தா மௌத்தாகிவிட்டார். காலையில் வட்ஸ்அப் குரூப்பில் யாரோ மரண அறிவித்தல் போட்டிருந்தார்கள். "இன்னாருடைய மகள், இன்னாருடைய சகோதரி" என்றுதான் இருந்தது, அவருடைய பெயர் இல்லை. யாரென்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது...

இந்தப் பக்கத்தில் இருக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. நான் எடுத்த ஆவணப்படங்களின் கீழே ஓடுகிற சிங்கள சப்டைட்டில் எல்லாம் அவர் போட்டது. மருதமுனையில், வீட்டுக்குள் இருந்தபடியே.

சொந்த அக்கா இல்லை. ராத்தா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

சின்ன வயதில் அம்பாறை டவுனில் படித்தவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. படுக்கையில் கிடந்த உம்மாவை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக வழியில்லை. வீட்டிலிருந்து செய்ய அவருக்குக் கிடைத்த ஒரே வேலை இதுதான்.

எங்கள் கல்முனை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் சிங்கள எழுத்தைப் போட்டால் உடைந்து சிதறும். நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவர்தான் வழி சொன்னார்.

"தம்பி, நான் என்ட லேப்டாப்பிலயே போட்டு, படம் இல்லாம எழுத்த மட்டும் தாறன். நீங்க உங்கட படத்துக்கு மேல வெச்சா சரிதானே?"

அப்படித்தான் செய்தோம். பின்னணியே இல்லாத, கண்ணாடி மாதிரி ஒரு லேயர். தூக்கி வீடியோவுக்கு மேலே வைத்தால் எழுத்து மட்டும் தெரியும், படம் அதன் பாட்டில் கீழே ஓடும். ஒரேயொரு நிபந்தனை... அதற்குப் பிறகு படத்தில் கை வைக்கக் கூடாது. கொஞ்சம் வெட்டினாலும் எழுத்து ஓரிடம், பேசுகிற ஆள் ஓரிடம் என்றாகிவிடும்.

ஒவ்வொரு பைலோடும் ஒரு வொய்ஸ் மெசேஜ் வரும். "இனி வெட்டாதீங்க தம்பி. வெட்டினா சொல்லுங்க, திரும்பப் போட்டுத் தாறன்." பின்னால் உம்மா கூப்பிடுவது கேட்கும். "ஓம் உம்மா, வாறன்" என்பதோடு முடிந்துவிடும்.

நிந்தவூர்க் கடலரிப்புப் படத்தில் ஒரு மீனவர், "கடல் ஊட்டுக்குள்ள வந்து குந்திட்டு" என்பார். அந்த ஒரு வரிக்கு ராத்தா மூன்று தரம் கோல் எடுத்தார்.

"அவரு கோவத்தில சொல்றாரா, சிரிப்பில சொல்றாரா தம்பி?"

"பாத்தா தெரியல்லியா ராத்தா?"

"எனக்குத் தெரியிது. சிங்கள ஆக்களுக்கும் தெரியணுமே."

அந்தப் படத்தைக் கொழும்பில் திரையிட்டோம். புறப்படுகிற அன்று காலை, ஓரிடத்தில் கேமரா ஆடுவது கண்ணில் பட்டது. நாலு செக்கன். வெட்டி எறிந்தேன்.

லேயரையும் சேர்த்து நகர்த்த மறந்துவிட்டேன். ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம்... பார்க்கவில்லை. வேன் வாசலில் நின்றது, எனக்கும் அலுப்பு.

படத்தில் ஓர் அதிகாரி, "இங்கே பயப்பட ஒன்றுமில்லை" என்பார். அடுத்த காட்சியில் ஒரு பெண், சமைக்கிற குசினியின் சுவரைக் கடல் கொண்டுபோன இடத்தைக் காட்டி அழுவார். அதிகாரியின் வசனத்துக்குப் போட்ட சிங்கள எழுத்து பிந்தி வந்து, அழுகிற அந்த முகத்துக்குக் கீழே நின்றது. மண்டபத்தில் அதை வாசித்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணும் எங்களோடு வந்திருந்தார். என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார்.

"என்னத்துக்குத் தம்பி சிரிக்கிறாங்க?"



படம் முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள், சப்டைட்டில் போட்டது யார் என்று கேட்டார்கள். "மருதமுனையில ஒரு ராத்தா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பிறகு அவர்களுடைய வேலை ஒன்றுகூட ராத்தாவுக்குப் போகவில்லை. அவரிடம் சப்டைட்டில் வேலை கொடுத்துவந்த மற்றவர்களும் மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

ராத்தா ஒரே ஒரு தடவை கேட்டார். "நான் தந்த பிறகு எங்கயாச்சும் வெட்டினீங்களா தம்பி?"

"இல்ல ராத்தா."

"அப்ப என்ட பிழையாத்தான் இரிக்கும். மூணு தரம் போட்டுப் பாத்துட்டன், எங்க பிழை எண்டு புடிபடுதில்ல..."

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா நல்லடக்கம். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் அவருடைய தம்பி எழும்பி நின்றார். மௌத்தானவருக்காக மன்னிப்புக் கேட்பது நம் ஊர்களில் வழமைதான். "எங்கட ராத்தாவால ஆருக்கும் மனக்கஷ்டம் வந்திருந்தா, அவட வேலையில பிழை ஏதும் நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க."

"பொருந்திக்கொண்டோம்" என்றார்கள் எல்லாரும். நானும் சொன்னேன். என் வாயும் அதைச் சொன்னது.

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.  இதை எழுதவும் ஏலாமல்தான் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

அன்று அந்த மண்டபத்தில் இருந்த சிலர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். அந்தப் பிழை ஜெஸீமா ராத்தாவுடையது இல்லை. அவர் தந்த எழுத்து ஒரு செக்கன்கூடப் பிசகாமல் சரியாக இருந்தது. வெட்டியது நான்.

ராத்தா, உங்கட வீட்டுக்கும் ஸ்டூடியோவுக்கும் பஸ்ஸில் பத்து நிமிஷம். ரெண்டு வருஷமாய் நான் வரவில்லை. பொருந்திக்கொள்ளச் சொல்லி உங்களிடம் கேட்க வேண்டியவன் நான்தான்...

அல்லாஹ் நீங்க படுத்திருக்கிற கப்ரை விசாலமாக்கி வைக்கட்டும்.