அண்ணன் கீழே போடாத இரும்பு

துருப்பிடித்த இரும்புக் குழாயைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்து பார்த்தால் ரத்தவாடை அடிக்கும். நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க என் கையில் அந்த வாடைதான், சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. ஒன்பதாவது படித்த என் அண்ணன் முத்துராசு, ஆமத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டின் பின்வாசலில், பழைய பம்புசெட்டுக் குழாய் ஒன்றின் இரு பக்கமும் பெயின்ட் டப்பாவைச் சொருகி, சிமென்ட்டும் ஜல்லியும் குழைத்து ஊற்றிக் காயவைத்து, அதற்கு "செட்டு" என்று பேரும் வைத்திருந்தான். விடிந்ததும் அவன் தூக்குவான், பிறகு நான் தூக்குவேன்.

எதற்காகத் தூக்கினோம் என்பதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் அப்பா பட்டாசுக் கம்பெனியில் லோடுமேன். தீபாவளி சீசனில் பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு, குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். கையால் அடிப்பார், காலால் மிதிப்பார், கூந்தலைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதுவார். மூட்டையும் பெட்டியும் தூக்கி உரமேறிய கை அது, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தொங்கினாலும் அசையாது. "இன்னும் கொஞ்ச நாளு புள்ள, அந்தக் கைய நான் பிடிச்சிருவேன்" என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தான். வேறு யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அந்த ஒரே வேண்டுதல்தான், அந்தக் கையை ஒரு தடவையாவது நிறுத்திவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா பெரியம்மாவுக்கு எங்களைக் கண்டாலே எரிச்சல். "ஏலே, இந்த வயசுல இரும்பத் தூக்குனா எலும்பு வளராது, குட்டையாப் போயிருவீக" என்பாள் அண்ணனிடம். என்னைப் பார்த்தால் குரல் இன்னும் ஏறும்: "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இது? நாளைக்கு வயித்துல ஒரு புள்ள தங்குமா?" இதைச் சொல்லும்போது அவளுடைய மகள், என் வயதுக்காரி, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தெருக்கோடியிலிருந்து மூச்சிரைக்க வந்துகொண்டிருப்பாள். அவள் எலும்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எங்கள் ஊரில் குடமும் விறகும் மூட்டையும் சுமந்தால் அது வேலை, குழாயைத் தூக்கினால் மட்டும் ஆபத்து. அம்மா அடிபடும் சத்தம் கேட்டால் இதே பெரியம்மா தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஆபத்து இருக்கத்தான் செய்தது. சிவகாசியில் மாமா வைத்திருந்த பழைய இரும்புக் கடையில், அச்சு மிஷின்களில் தேய்ந்து கழிந்த பல்சக்கரங்கள் குவிந்து கிடக்கும். அண்ணன் கேட்டான் என்று மாமா ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்திருந்தார். அம்மா அடிவாங்கிய மறுநாள் காலையில், டப்பாவுக்கு வெளியே நீண்டிருக்கும் குழாய் நுனிகளில் பக்கத்துக்கு ஒரு சக்கரத்தைச் சொருகிக் கம்பியால் இறுக்கிக் கட்டுவான். அடி விழாத வாரம் எடை ஏறாது. அடி விழுந்தால் உடம்பு தாங்குமா என்றெல்லாம் பார்க்காமல் கூட்டிவிடுவான். அவனுக்குப் பயிற்சி கொடுத்தது அப்பாதான் என்று சொன்னால் தப்பில்லை.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா அதே கம்பெனியில், பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் ரூமில் வேலை பார்த்தாள். அங்கே இரும்புக்கு இடமே இல்லை. கொலுசைக் கழற்ற வேண்டும், கொண்டை ஊசி கூட வெளியில்தான். எங்கள் சித்தி ஒருத்தி அங்கேதான், ஒரு தகர வாளி தரையில் உரசிய பொறியில் உடம்பெல்லாம் கருகிச் செத்துப்போனாள். அதனால் அந்த ரூமின் சட்டம் எங்கள் வீட்டுக்கும் சட்டம். அரிவாள்மனையைக் குழந்தையைக் கிடத்துவது மாதிரிதான் கீழே வைப்போம். கரண்டி கைதவறி விழுந்தால் முதலில் முதுகில் ஓர் அறை விழும், பிறகுதான் என்ன ஏது என்று கேட்பார்கள். "இரும்பக் கீழ போட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்பது எங்களுக்குச் சோறோடு ஊட்டிய பேச்சு.

அந்தச் சீசனின் கடைசி லோடு போன சாயங்காலம் அப்பா அம்மாவின் வாயில் குத்தினார். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. நான்தான் அதைப் பொறுக்கினேன். மறுநாள் காலையில் அண்ணன் பக்கத்துக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு சக்கரம் சொருகினான். வேண்டாம் என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சு வரை கொண்டுவந்து, பல்லைக் கடித்துத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டான். ஏற்றிய பிறகு வலது கை தளர்ந்தது. குழாய் மெல்ல அவன் தலைக்குப் பின்னால் சாயத் தொடங்கியது. "கீழ போடுண்ணே! போட்ரு!" என்று நான் கத்தினேன். கையை விட்டிருந்தால் செட்டு பின்னால் விழுந்திருக்கும், அவ்வளவுதான். அது வெறும் செம்மண் தரை. மருந்து ஒரு சிட்டிகை கூட அங்கே இல்லை. ஆனாலும் அவன் விடவில்லை. குழாயைப் பிடித்தபடியே பின்பக்கமாக மெதுவாக இறக்கப் பார்த்தான், வலது முழங்கையில் முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் மண்டியிட்டு, உடம்பை முறுக்கி, ஒரு சத்தமும் வராமல் அதைத் தரையில் வைத்துவிட்டுத்தான் அலறினான்.

அலறல் கேட்டு எழுந்து வந்த அப்பா முதலில் அவன் கன்னத்தில் அறைந்தார். அப்புறம் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வளரும் எலும்பின் நுனியில் விரிசல் என்று சொல்லிக் கட்டுப் போட்டார். "இந்த வயசுல எடை தூக்கக் கூடாதுன்னு இல்ல. கொஞ்சமாத் தூக்கணும், பக்கத்துல பெரியவங்க நிக்கணும், உடம்பு பழகப் பழகத்தான் கூட்டணும்" என்றவர், "ஒரே நாள்ல எதுக்குடா இவ்வளவு ஏத்துன?" என்று கேட்டார். அண்ணன் அப்பாவைப் பார்த்தான். "சரி, முடியலன்னா கீழே போட்டிருக்கலாமே?" என்றார். "இரும்ப எப்படிங்க கீழ போடுறது?" என்றான் அண்ணன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குனிந்த தலை சாயங்காலம் வரைதான் தாங்கியது. வீட்டுக்கு வந்ததும் பழி அம்மா மேல் விழுந்தது. "புள்ள கைய ஒடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டா இருந்த?" என்று முஷ்டியை ஓங்கினார். அண்ணன் நடுவில் புகுந்து, இன்னும் சரியாகக் காயாத மாவுக்கட்டோடு அந்தக் கையைத் தூக்கினான். அடி அதன்மேல் விழுந்து கட்டு நெளிந்தது. அவன் முகம் வெளிறிப்போய் உதடு நீலமானது, ஆனால் அம்மாவுக்கு முன்னாலிருந்து நகரவில்லை. அன்றைக்கு அப்பாவின் அந்தக் கை நின்றது. அப்பா வெளியே போய்விட்டார்.

அதோடு அப்பா திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. லோடு தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்து பாயில் விழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடி நின்றது. கட்டுப் பிரித்த அன்று அண்ணன் கை கோணலாக இருந்ததைப் பார்த்த டாக்டரம்மா, "நடுவுல எங்கயாவது விழுந்தானா?" என்று கேட்டார். "ஆமாங்க, விழுந்துட்டான்" என்றாள் அம்மா. அந்தப் பொய்க்காக இன்றைக்கும் எனக்கு அவள்மேல் கோபம் உண்டு.

சக்கரங்களைக் கழற்றி, டப்பாக்களையும் உடைத்தெறிந்துவிட்டு, வெறும் குழாயை நான் தூக்கினேன். அண்ணன் கோணல் கையோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டான். நான் குட்டையாகவில்லை, வீட்டில் எல்லாரையும்விட நான்தான் உயரம். எனக்கு இரண்டு பிள்ளைகளும் உண்டு. இப்போது காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் எடை தூக்கலாமா என்று பெற்றோர் கேட்டால், அந்த டாக்டரம்மா சொன்னதைத்தான் சொல்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. "ஒங்கண்ணன் கையத்தான் பாத்தோமே, வெயிட்டத் தூக்கித்தான அப்பிடிப் போச்சு?" என்பார்கள். இல்லை, அந்தக் கையைக் கோணலாக்கியது எங்கள் அப்பா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். செத்துப்போன மனுசனைப் போய் இப்படிப் பேசுகிறாளே என்று முணுமுணுப்பார்கள்.

பின்வாசலில் இப்போது சிமென்ட் தளம் போட்டாயிற்று. குழாய் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியாது. சிவகாசியில் கண்ணாடி பதித்த ஜிம்கள் வந்துவிட்டன. அண்ணன் அங்கே ஒரு பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மதினியையோ பிள்ளைகளையோ அவன் ஒரு அடி அடித்ததில்லை. கை சரியில்லை, அதனால் அடிக்க முடியவில்லை என்று ஊரில் கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவனுடைய இடது கைக்கு ஒரு குறையும் இல்லை.