கீழ்ப் படியில் நின்ற சித்தி

கடையை ஒரு நாள் பூட்டினால் குடி முழுகிப்போகும் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, தானாகவே வந்து, "ஞாயித்துக்கிழமை எல்லாரும் கார்லா மலைக்குக் கோயில் பார்க்கப் போறோம்" என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்பதுதான் என் ஒரே கவலை.

அறுபதுகளில் தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள்தான். அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி, ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். பம்பாயில் மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். ஊரில் இரண்டு பேர், இங்கே ஒருவர், ஆக மூன்று பேர் வந்து பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். எல்லாம் சித்தியின் உயரத்தால் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் அவள் குனிந்துதான் நுழைவாள். மூன்றாவது மாப்பிள்ளையின் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, "பொண்ணு தங்கமான பொண்ணுதான். எங்க தம்பி அண்ணாந்துல்லா பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சித்தி உள்ளே அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கே கேசரித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "எக்கா, இனி எவன் முன்னாலயும் நான் வந்து நிக்க மாட்டேன். கட்டாயப்படுத்துனா ஊருக்கு ரயிலேறிருவேன்."

அம்மா பயந்துபோனாள். எங்களவர்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது. பிடித்தால் சாமி கூட்டிவைத்ததாக ஆகும். பிடிக்காவிட்டால் இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்ததாகப் போய்விடும், யாருக்கும் தலைகுனிவு இல்லை. மாட்டுங்கா கோயிலில் வைத்துக்கொண்டால் தெரிந்த முகங்கள் நூறு இருக்கும் என்றுதான் அத்தனை தூரத்து மலையைப் பிடித்தார்கள். டோம்பிவிலியில் இருந்த ஒரு ஆபீஸ் குமாஸ்தாவும் அவருடைய அம்மாவும் கல்யாணில் தற்செயலாக எங்கள் பெட்டியிலேயே ஏறுவார்கள் என்று ஏற்பாடு. சித்தியிடம் யாரும் மூச்சு விடவில்லை. என்னிடமும்தான். என்னிடம் சொன்னால் மாஹிம் வரைக்கும் தெரிந்துவிடும் என்று அம்மாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்தத் தற்செயலுக்கு அப்பா பட்ட பாடு கொஞ்சமல்ல. தாதரில் ஏறியதும் எதிர் இருக்கையில் துண்டை விரித்து, உட்கார வந்தவர்களை எல்லாம் "ஆத்மி ஆத்தா ஹை, ஆத்தா ஹை", ஆள் வருகிறது என்று, தன் கடை ஹிந்தியில் விரட்டினார். தாணே தாண்டியதும் இன்னொரு சிவப்புத் துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். கல்யாணில் அவர்கள் அந்தத் துண்டைப் பார்த்து ஓடிவந்து ஏறியதும் அம்மா கன்னத்தில் கைவைத்து, "அட, நீங்களும் கார்லாவுக்கா!" என்றாள். அவர்கள் இன்னும் எங்கே போகிறோம் என்று சொல்லவே இல்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். பதிலாகத் தொடையில் ஒரு நிமிண்டு கிடைத்தது. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் குமாஸ்தா மாமா ஒல்லியாக, சுத்தமாக இருந்தார். உட்கார்ந்திருக்கும்வரை குறை ஒன்றும் தெரியவில்லை. மளவலி ஸ்டேஷனில் இறங்கி நின்றபோதுதான் அவர் சித்தியின் காது வரைதான் வருவார் என்று தெரிந்தது. அம்மாவின் முகம் வாடிவிட்டது.

ஆனாலும் அம்மா லேசில் விடுகிறவள் இல்லை. நெல் வயல்களுக்கு நடுவே நடந்து மலையடிக்கு வந்து படியேறத் தொடங்கியதும் சித்தியிடம், "ஏட்டி, நீ எல்லாருக்கும் பின்னால ஒரு படி கீழயே வா. நான் சறுக்கினா பிடிக்கணும்லா" என்றாள். வழி நெடுக இதே பாட்டு. நின்று மூச்சு வாங்கினாலும் "கீழ்ப் படியில நில்லு." தண்ணீர் குடித்தாலும் "கீழ்ப் படியில நின்னு குடி." சறுக்கவே சறுக்காத அம்மாவைப் பிடிப்பதற்காகச் சித்தி மலை முழுவதும் ஒரு படி கீழேயே ஏறினாள். நான் மட்டும் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

மேலே ஏக்வீரா அம்மன். மீன்காரக் குடும்பங்கள் மேளம் கொட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். "நம்ம மாரியம்மன்தான். இங்க மராட்டிச் சேலை கட்டியிருக்கா, அவ்வளவுதான்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிக் கும்பிட்டாள். அம்மன் சன்னதிக்குப் பக்கத்திலேயே அந்தப் பெரிய குகை. உள்ளே போனதும் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், தூண்களின் தலையில் யானைகள், கூரையில் வளைவு வளைவாக மரச் சட்டங்கள். கோடியில் அரை இருட்டில் ஆள் உயரத்துக்கும் மேலே, உருண்டையாக ஒரு கல்.

"எம்மாடி! எத்தாம் பெரிய லிங்கம்!" என்றாள் சித்தி. ஒரு பூ இல்லை, விளக்கு இல்லை, பூசாரி இல்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், ஒத்தையில நிக்காரே." அம்மனுக்கு உடைத்தது போக மிச்சமிருந்த தேங்காயை அங்கேயே உடைத்தாள். சூடம் ஏற்றினாள். மூன்று முறை சுற்றிவந்து கண்ணை மூடி நின்றாள். வெகு நேரம் நின்றாள். டோம்பிவிலி அம்மாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அப்பா சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்த மாமாவும் கைகூப்பினார்.

அப்போது காவல்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். பழைய கல், புகை பட்டால் கரி பிடிக்கும், அணை அணை என்று மராத்தியில் சத்தம் போட்டார். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவில்லை. முனிசிபல் பள்ளியில் மராத்தியும் படித்துவந்த எனக்குப் புரிந்தது. விடுவேனா? வாசலுக்கு ஓடிப்போய் அங்கிருந்த அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவந்து, குகை எதிரொலிக்கக் கத்தினேன்: "சித்தி, இது லிங்கமே இல்ல! புத்தர் காலத்து ஸ்தூபியாம்! நீ சும்மா கும்பிட்டிருக்க!"

அப்பா சிரித்துவிட்டார். கும்பிட்டு எழுந்த டோம்பிவிலி அம்மாள் சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். சித்திக்கு முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. எல்லாம் போச்சு என்று அவள் உதடு அசைந்தது.

அந்த மாமாதான் குனிந்து சூடத்தை ஊதி அணைத்தார். தன் கைக்குட்டையால் தரையை அழுத்தித் துடைத்தார். காவல்காரரிடம் மராத்தியில் மன்னிப்புக் கேட்டு, ஒரு மூடித் தேங்காயை அவர் கையில் கொடுத்தார். இன்னொரு மூடியைத் தூண் அடியில் தட்டாமல், வெளியே கொண்டுபோய் உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். கடைசித் துண்டைச் சித்தியிடம் நீட்டி, "நானும்தான் கும்பிட்டேன். உங்களுக்குப் பலிச்சா எனக்கும் பலிக்கணும்லா?" என்றார்.

சித்தி வாங்கிக்கொண்டாள். முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள்.

இறங்கும்போது அம்மா பழக்கத்தில், "ஏட்டி, கீழ்ப் படி..." என்று ஆரம்பித்தாள்.

"போதும்க்கா, கழுத்து வலிக்கி" என்று சொல்லிவிட்டுச் சித்தி அந்த மாமா இறங்கிய படியிலேயே, அவர் பக்கத்திலேயே, நிமிர்ந்து இறங்கினாள். பின்னால் வந்த டோம்பிவிலி அம்மாள் இரண்டு பேர் முதுகையும் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்களுக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கு ஏன் அடித்தது என்று எனக்கே தெரியாது.

"நல்லதாப் போச்சு. பரண்ல சாமான் எடுக்க எங்க வீட்டுல இனி ஸ்டூல் வேண்டாம்" என்றார் அந்த அம்மாள்.

அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டூல் வேண்டாம் என்பதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் ரயிலில் அவர்கள் கல்யாணில் இறங்கிப்போன பிறகு, சித்தியின் அருகில் போய் உட்கார்ந்தேன். குற்ற உணர்வு என்னை அரித்துக்கொண்டிருந்தது. "சித்தி, நான் பலகையைப் படிச்சிருக்கக் கூடாது. உன் வேண்டுதல் வீணாப் போச்சே. நாளைக்கு மாட்டுங்கா கோயிலுக்குப் போய் மறுபடியும் கேட்டுரு. என்ன கேட்ட?" என்றேன்.

அதைச் சித்தி, கல்யாணம் முடிந்து, இரண்டு பிள்ளைகளும் பெற்ற பிறகுதான் ஒரு நாள் சொன்னாள். ஜன்னலில் அந்தச் சிவப்புத் துண்டு தொங்கியபோதே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டதாம். ஊருக்கு ரயிலேறுகிற நினைப்போடுதான் மலையேறினாளாம். "'சாமி, இனி ஒருத்தன் முன்னாலயும் என்னைக் கொண்டு நிறுத்த விடாத'ன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. அது பலிச்சிருச்சுல்லா?" என்றாள்.

அன்றைக்கு ரயிலில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என்னால்தான் அழுகிறாள் என்று நினைத்து நானும் அவள் மடியில் விழுந்து தாதர் வரைக்கும் அழுதேன்.