மாமியார் கையில் இருந்த போன்

வாத இதயநோய்த் தடுப்புத் திட்டத்தைக் கோவையில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டு, கிணத்துக்கடவில் கிராம நர்ஸ்கள் கூட்டத்தில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒல்லியான நர்ஸம்மா ஒருவர் நிமிடத்துக்கொரு முறை செல்போனையே எடுத்துப் பார்த்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஏனுங்க, அவ்வளவு போரடிக்குதுங்களா?"

"அய்யோ, கலர் கலரா நல்லாத்தானுங்க சார் இருக்குது. என்ற ஏரியாப் புள்ளை ஒருத்திக்கு இதய வால்வு கெட்டிருக்குதுங்க. மூணு வாரத்துக்கொருக்கா ஊசி போட்டே ஆகோணும். கல்யாணமாகி வெள்ளகோவில் போயிட்டா. ஊசி நாள் தாண்டி நாலு நாளாச்சு, ஒரு தகவலுமில்லீங்க."

"நீங்களே கூப்பிடலாமுங்களே?"

"போன் மாமியார் கையிலீங்க. சீக்கைச் சொல்லாமத்தானுங்க கட்டிக்குடுத்தாங்க. இந்த மாதிரிப் புள்ளைக்கு உங்க திட்டத்துல எந்தப் பக்கமுங்க?"

நாற்பது பக்கத்தையும் புரட்டித் தேடுவதுபோல் நடித்தேன். பிறகு வீராப்பாக, "நான் வேணா கூப்பிட்டுப் பேசட்டுங்களா?" என்றேன்.

"ஆம்பளைக் குரலுங்களா? சாமி, மாமியா சந்தேகப்பட்டா அவ உசுரோட சேந்து வாழ்க்கையும் போயிருமுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மறுபடி போனைப் பார்த்தார்.

அவருடைய நம்பரைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். மூன்று வாரத்துக்கொரு முறை இப்போது எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.